ஐயாசாமியின் கன்னத்தில் ஏறிய பயணி

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஐயாசாமி விசில் வாங்கியதே இல்லை. நாக்கை மடித்து ஊதினால் குளத்து நாரைகள் எழும்பும். எதிரே வரும் பஸ்ஸும் சேர்ந்து நிற்கும். கிணத்துக்கடவில் தாலி கட்டப்போன மாப்பிள்ளை கையை நிறுத்திவிட்டாராம். பாதியை நம்பினால் போதும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவருடைய இடது கன்னத்தில், காதோரம், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். மனைவி கருப்பாத்தாள் மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டாள். நெல்லிக்காய் எலுமிச்சையாயிற்று. எச்சில் சுரப்பியில் கட்டி என்றார்கள் ஆஸ்பத்திரியில். அறுக்கலாம், ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பி வழியாகத்தான் ஓடுகிறது, கத்தி பட்டால் வாய் கோணலாம். ஐயாசாமிக்கு உயிரைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. கோணவாயில் விசில் எப்படி வரும்?

முதலில் ஊசி குத்திப் பார்க்கட்டும் என்று டாக்டர் இஸ்மத்திடம் அனுப்பினார்கள். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து உறிஞ்சியதைக் கண்ணாடியில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அந்த அம்மாளின் வேலை. வாயை அசைக்கக் கூடாது என்று சொல்லித்தான் குத்தினார். பழக்கதோஷம், ஐயாசாமி ஊதிவிட்டார். வாசலில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த வேன் சடாரென்று நின்றது.

ஊசியில் ஏறியதோ தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்த இஸ்மத் வெகுநேரம் நிமிரவில்லை. அதற்குள் கருப்பாத்தாள் சென்னிமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள், புருஷன் தலையை.

"புத்துநோய் இல்லைங்க. நாடாப்புழுவோட குஞ்சு. பன்னிக்கறியில வர்ற வகை."

கருப்பாத்தாளுக்கு முகம் சிவந்தது. "ஏனுங்க டாக்டரம்மா, எங்கூட்டுல முட்டைகூட ஆகாதுங்க. பன்னிப்புழு எப்புடீங்க வரும்?"

கறியே தின்ன வேண்டாம், சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த காயைக் கழுவாமல் பச்சையாகக் கடித்தாலே புழுவின் முட்டை உள்ளே போய்விடும் என்றார் டாக்டர். ஐயாசாமி கூரையைப் பார்த்தார். முள்ளங்கிக் கூடைகளுக்கு லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டு, கூடைக்கு ஒன்று வாங்கிச் சட்டையில் துடைத்துக் கடிப்பது அவர் வழக்கம். ஏப்பத்திலேயே வீட்டுக்காரிக்குத் தெரிந்த சங்கதி.

"கூடைக்கு லக்கேஜ் போடாம உட்டீங்கல்ல, அதுதானுங்க டிக்கெட் எடுக்காம உங்க கன்னத்துல ஏறிப்போட்டுது," என்றாள்.

கத்தி வேண்டியிருக்கவில்லை. மூளையிலும் கண்ணிலும் வேறு பயணிகள் இல்லையென்று சோதித்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். எலுமிச்சை நெல்லிக்காயாகி, சுண்டைக்காயாகி, மறைந்தது.

மொட்டைத்தலையோடு படியில் நின்று ஐயாசாமி ஊதினார். நாரைகள் எழும்பின. கூடையோடு ஏறிய பெண்பிள்ளை வழக்கம்போல ஒரு முள்ளங்கியை நீட்டினாள்.

"வேண்டாங்க அம்மணி. லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்குங்க."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வாய் கோணாம வந்துட்டீங்கன்னு பாத்தா, பேச்சு கோணிப்போச்சுங்களே."