தூரத்து ஆளுக்கு முதல் ஊசி

ஒரு லேபில் புட்டி கழுவ வந்தவன் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அப்படிப்பட்டவன், பாளையங்கோட்டையில் ஒற்றை அறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் தொடங்கினேன். டாக்டர்கள் சிரித்தார்கள். கரண்ட் போனால், எடுத்த ரத்தம் கெடாமலிருக்க ஐஸ் கட்டிக்கு நானே சைக்கிள் மிதித்தேன். இன்று நாலு கிளை, ஏசி போட்ட கூடம், பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் வேலை. எல்லாம் இந்தக் கை செய்தது. சொல்ல எனக்கென்ன கூச்சம்?

ஆனால் போன மாதம் நடந்தது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

மகன் சென்னையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தான். பத்து நாள் அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்து, மஞ்சள் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"இந்தப் புள்ளைக்கு என்ன வேலலே?"

"சர்வீஸ் டிசைன்னு பேருப்பா. வாரவங்க படியேறுனதுலேருந்து ரிசல்ட் வாங்கிட்டுப் போறவரைக்கும் என்ன பாடு படுதாங்கன்னு பாத்துச் சரிபண்ணுதது."

"அதத்தானலே முப்பது வருசமா நான் செஞ்சேன்?"

"நீங்க வாசல்ல உக்காந்து எல்லாரையும் ஏசிக்கிட்டுல்லா இருந்திய!"

ஏசியதும் உண்மைதான்.

கடைசி நாள் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தாள். வந்த வரிசையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கக் கூடாது. யார் அதிக நேரம் வெறும் வயிற்றோடு இருக்கிறாரோ அவருக்கே முதலில் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: அது என் வழக்கம்! மகன் டோக்கன் மெஷின் வைத்ததும் கைவிட்டுப்போனது. மூன்றாம் நாள் அவள் கேட்டபோது நானேதான் சொல்லியிருந்தேன்.

எனக்கே அது எப்படித் தோன்றியது? பல வருடம் முன்பு, தூரத்துக் கடற்கரை ஊரான புன்னக்காயலிலிருந்து வந்த ஒரு பெண் வரிசையில் மயங்கி விழுந்தாள். தெளிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, நான் வெறும் வயித்தோட இருட்டுலயே பஸ் ஏறுனவ. இந்த ஊருக்காரி வீட்டுல இட்லிய அவிச்சு வச்சுட்டு நடந்து வாரா. அவளுக்கு முன்னால, எனக்குப் பின்னாலயா?" மறுநாளே மாற்றினேன். அப்படியானால் யோசனை யாருடையது? என்னுடையதா, அந்தப் புன்னக்காயல்காரியுடையதா?

சென்னைப் பெண்ணிடமே கேட்டேன்.

"ஐயா, நீங்க சொன்னதுதான் முதல் சீட்டு. ஆனா மெஷின் வந்ததும் அது போயிடுச்சே. யார் வந்தாலும் போனாலும் அது நிலைச்சு நிக்கிற மாதிரி பண்றதுதான் என் வேலை."

சரியாகத்தான் சொல்கிறாள் போலிருக்கிறது. இல்லை போலவும் இருக்கிறது. நான் வாசலில் இருந்தவரை நிலைத்து நின்றதுதானே!

திங்கட்கிழமை அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு நாலு கிளையிலும் மாட்டப்போகிறார்கள். கீழே மகன் பெயர், அவள் கம்பெனி பெயர். என் பெயர் இல்லை. மாட்டுவதற்கு முன் ஒரு வரி சேர்த்தாக வேண்டும்: இந்த வழக்கத்தை முதலில் தொடங்கியவர் இன்னார் என்று. மயங்கி விழுந்தவள் பெயர் எனக்குத் தெரியாது. சட்டம் போடுகிறவரிடம் சொன்னேன்: புன்னக்காயல் என்று ஊரைப் போடுங்கள். ஆனால் என் பெயருக்குக் கீழே.