முயலின் பழைய பேர்

மாமா கொண்டுவந்த முயலுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது. அதுதான் எங்கள் வீட்டில் தொந்தரவாகப் போனது.

நான் அப்போது நாலாவது படித்தேன். விஸ்வநத்தத்தில் வீடு. அப்பா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து போடுகிறவர். அம்மா வீட்டில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுவாள். மாமா அம்மாவுக்குத் தம்பி. எந்த வேலையிலும் ஒரு சீசன் முழுக்க நிற்கமாட்டார். காடை வளர்த்தார். காளான் வளர்த்தார். அந்த வருசம் முயல். அவர் வீட்டில் நாய் இருந்ததால் முயல் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சும்மா முயல் இல்லை. சாத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் வாங்கிய சாதி முயல். வெள்ளை நிறம். பூனையைவிடப் பெரிசு. காதுக்குள் நம்பர் குத்தியிருந்தது. கூடவே ஓர் அட்டை. அதில் முயலின் பேர், தகப்பன் பேர், தாய் பேர், தாத்தன் பாட்டி பேர் எல்லாம் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க தாத்தனுக்குத் தகப்பன் பேரு எனக்குத் தெரியாது. முயலுக்கு எழுதி வச்சிருக்காக பாரு."

பண்ணைக்காரர் ஆண் முயல்களுக்கு ஆள் பேர்தான் வைப்பாராம். இந்த முயலுக்கு வைத்திருந்தது என் அப்பாவின் பேர்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதமாட்டேன். அம்மா இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

அம்மா அப்பா பேரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளுவாள். நான்தான் சொல்வேன். கோயில் பூசாரிக்கும் அதே பேர். அவரை "மணியடிக்கிறவுக" என்பாள். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். முயலுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை.

சாயங்காலம் முயலைப் பின்வாசலில் திறந்துவிடுவோம். இருட்டுவதற்குள் கூண்டில் அடைக்க வேண்டும். தெருநாய்கள் வரும். பேர் சொன்னால் முயல் ஓடிவரும். வேறு எதற்கும் வராது. அம்மா அகத்திக்கீரையை ஆட்டிக்கொண்டு "இந்தா, இந்தா" என்று நிற்பாள். முயல் காதைக்கூடத் திருப்பாது.

"ஏ புள்ள, வந்து இதைக் கூப்பிடு."

நான் போய் அப்பா பேரைச் சத்தமாகச் சொல்வேன். முயல் வரும். முன்வாசலிலிருந்து அப்பாவும் "என்னா?" என்பார். தினமும் இது நடந்தது.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமாகிவிட்டது. வேலியைத் தாண்டி நாய் வந்துவிட்டது. அம்மா கீரையை ஆட்டினாள், கையைத் தட்டினாள், கல்லை எடுத்தாள். முயல் வரவில்லை. கடைசியில் விழுந்து பிடித்தாள். நான் வந்தபோது முழங்கையில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். முயல் கூண்டுக்குள் மென்றுகொண்டிருந்தது.

அன்றைக்கே மாமாவை வரச்சொன்னாள்.

"ஏலே, ஒண்ணு பேரை மாத்து. இல்லேன்னா முயலை மாத்து."

"நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாதுக்கா. பண்ணைல வச்ச பேரு. அவுகளக் கேக்காம மாத்துனா மருவாதி இல்ல. பெறகு இதுக்குப் பெறக்குற குட்டிய வெலைக்கு எடுக்கமாட்டாக."

"அப்போ போய்க் கேளு."

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் சாத்தூருக்கு பஸ் ஏறினோம். புதுப் பேரை நான் யோசித்து வைத்திருந்தேன். பூச்சட்டி. அந்த முயல் சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். திடீரென்று பொங்கி எழும்பும். என் வாழ்க்கையில் நான் வைத்த முதல் பேர். அது நிற்க வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனேன்.

பண்ணைக்காரர் பனியனோடு கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். மாமா விசயத்தைச் சொன்னதும் குழாயை மூடினார்.

"பேருல என்ன குத்தம் கண்டீக?"

"குத்தமில்ல அண்ணாச்சி. அது எங்க மச்சான் பேரு. அக்கா வாயத் திறக்கமாட்டேங்கு."

"அது எங்க அப்பா பேருய்யா. நான் ஒரு நாளைக்கு நாப்பது தடவ சொல்றேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அவர் சம்சாரம் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தது. திரும்பாமலே பேசியது.

"நீக சொல்லுவீக. உங்களுக்கு அப்பா. எனக்கு மாமனாரு. ஒரு வருசமா அந்த முயலுக்குத் தீனிய வச்சுட்டு ஊமையாட்டம் வந்துக்கிட்டிருந்தேன். ஒருநாளாச்சும் கண்டீகளா?"

பண்ணைக்காரர் அந்தம்மாவைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். அவருக்கு அது தெரியாது என்பது எனக்கே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா பாப்பா. அட்டையில பேரு மாறாது. வீட்டுக்கு ஒரு பேரு வச்சுக்கோ. பத்து நாளைக்குப் பழைய பேரையும் புதுப் பேரையும் சேத்துக் கூப்பிடு. பதினோராம் நாளு பழசை விட்டுரு. அதுக்கு மேல யாரும் பழைய பேரைச் சொல்லக் கூடாது. பழசும் புதுசும் வாயில இருந்தா முயல் ஒருத்தருகிட்டயும் அண்டாது. ஆமா, என்ன பேரு?"

"பூச்சட்டி."

அவர் முகம் சுருங்கியது. அந்தம்மா சிரித்தது. "எங்க மாமனாரும் அப்படித்தான், பொசுக்குன்னு பொங்குவாக" என்றது. அத்தோடு பேர் முடிவானது.

பத்து நாளும் தப்பாமல் செய்தேன். அப்பா பேர், உடனே பூச்சட்டி. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்தாம் நாள் கம்பெனி வேன் டிரைவர் "ஏ பூச்சட்டிண்ணே, ஏறுங்க" என்றான். மருந்து போடுகிற செட்டிலும் அதுவே பேராகிப் போனது. அம்மா என்னை முறைத்தாள். அப்பா கோபப்படவில்லை.

"இன்னும் எத்தன நாளு?"

"அஞ்சு நாளுப்பா."

"சரி."

பதினோராம் நாள் "பூச்சட்டி" என்று மட்டும் கூப்பிட்டேன். முயல் வந்தது. மறுநாள் அம்மா கூப்பிட்டாள். அவளிடமும் வந்தது. மாமா எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார், தானே செய்தது மாதிரி. அப்பாவின் பட்டப்பேர் மட்டும் போகவில்லை.

அந்த வருசம் வடக்கே பட்டாசுக்குத் தடை என்றார்கள். ஆர்டர் வரவில்லை. கம்பெனியைப் பூட்டினார்கள். அப்பா எங்கள் தெருக்காரர் இரண்டு பேரோடு சூரத்துக்குப் போனார், பெட்டி செய்கிற கம்பெனிக்கு. போகிற அன்று முயலைத் தூக்கி எடை பார்த்தார். "நல்லாத் தின்னுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அம்மா "சாப்பிட்டீகளா" என்பாள். பிறகு "ம்" என்பாள். பிறகு என்னிடம் கொடுத்துவிடுவாள். இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறும் வரவில்லை. கூடப் போனவர்கள் வீட்டில் கேட்டோம். அங்கேயும் வரவில்லை. அம்மா பெட்டி ஒட்டினாள். வழக்கத்தைவிட அதிகமாக ஒட்டினாள்.

அந்த வாரம் ஒருநாள் பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். முன்கதவு சாத்தியிருந்தது. பின்வாசலில் அம்மா குரலில் அப்பாவின் பேர் கேட்டது.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அப்பா வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அம்மா தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். கையில் கீரை இல்லை. இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொன்னாள். தொட்டிக்குப் பின்னாலிருந்து முயல் வந்தது. நேரே அவள் காலடியில் வந்து நின்றது. வந்து நின்ற பிறகும் மூன்றாம் தடவையாகச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது.

"அந்தப் பேரைச் சொல்லக் கூடாதும்மா. சாத்தூர்க்காரரு சொல்லியிருக்காருல்ல? எல்லாம் கெட்டுப் போகும்."

அம்மா எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள்.

"இனிமே சொல்லல."

சொன்னபடியே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பேரை நான் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. அப்பாவின் போன் தொலைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். கூடப் போனவர்களுக்கு வீட்டு நினைப்பு இல்லை, அவ்வளவுதான்.

சித்திரையில் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு அப்பா வந்தார். மெலிந்திருந்தார். முயலைப் பார்த்தார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள். நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். மனசில் வைத்திருந்த புகார்.

"அம்மா பழைய பேரைச் சொல்லிருச்சுப்பா. முயல்கிட்ட. நீங்க இல்லாதப்ப."

அப்பாவின் கை தட்டில் நின்றது.

"எத்தன தடவ?"

"மூணு தடவ."

அப்பா சோற்றைப் பிசைந்தார். வெகுநேரம் பிசைந்தார். அடுப்படியில் சத்தமே இல்லை.

எத்தனை தடவை என்று கேட்டாரே, இப்போது எழுந்து போய் அம்மாவைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அம்மா கொண்டுவந்து ஊற்றினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் பாடுபட்டு வைத்த பேருக்கு இந்த வீட்டில் ஒருத்தரும் பரிந்து பேசவில்லையே என்பதுதான் அன்றைக்கு என் வருத்தம்.