தேவயானி கூட்டிய வட்டம்

மலைக்காரர்களுக்குக் கணக்கு வராது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை தேவயானியைப் பார்க்க வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து மண்சாலையில் உள்ளே போனால் வரும் சிற்றூர் ஒன்றில் அங்கன்வாடி உதவியாளர் அவர். சமைப்பார், பெருக்குவார், வர மறுக்கும் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வருவார். பத்தாம் வகுப்பு தேறினால் பணியாளராகலாம். மற்ற பாடங்களில் தேறிவிட்டார். கணக்கில் மட்டும் இரண்டு முறை தோல்வி.

அவர் ஒன்பதாவது படித்த ஆண்டு முழுவதும் பள்ளியில் கணக்கு ஆசிரியரே இல்லை. மலைக்கு மாற்றலைத் தண்டனையாக எண்ணியவர்கள், வந்த வேகத்தில் சிபாரிசு பிடித்து இறங்கிவிட்டார்கள். தோற்ற பிள்ளைகளுக்கு மட்டும் மந்தம் என்று பெயர். இதைவிடக் கூச்சமற்ற அநியாயம் உண்டா?

மூன்றாவது முயற்சிக்கு, சந்திரன் என்ற இளம் ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய இலவச வகுப்பில் சேர்ந்தார். ஒருநாள் கூடாரக் கணக்கு. கீழே உருளை, மேலே கூம்பு. ஆரம் ஏழு மீட்டர், உருளையின் உயரம் ஐந்து, கூம்பின் சாயுயரம் பத்து. எவ்வளவு துணி வேண்டும்? விடை நானூற்று நாற்பது சதுர மீட்டர். தேவயானிக்கு வந்தது ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

"நூத்தி அம்பத்திநாலு அதிகமா இருக்கேக்கா, எங்கேர்ந்து வந்துச்சி?"

"நடுவுல ஒரு வட்டம் சேத்தேன் சார். பரணுக்கு."

"கூடாரத்துல ஏதுக்கா பரணு?"

"பரணு இல்லாம இன்னா வூடு சார்? சாமைய எங்க கொட்டி வெக்கறது?"

வகுப்பே சிரித்தது. சந்திரனும் சிரித்தார், பிறகு தேவயானியின் பழைய கணக்குகளைப் புரட்டினார். ஐஸ்கிரீம் கூம்பு, பொம்மை, மருந்துக் குப்பி. இரண்டு வடிவங்கள் ஒட்டும் இடத்திலெல்லாம் ஒரு வட்டம் கூடுதலாக இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே பரண் உள்ள வீட்டில் வளர்ந்தவருக்கு, உருளை மேல் கூம்பு என்றால் நடுவில் ஒரு தளம் இருந்தே ஆக வேண்டும். சூத்திரங்கள் எல்லாம் சரி. ஏன் தப்பாகிறது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

"வெளிய நின்னு தடவிப் பாருங்கக்கா. கைக்கு எட்டறத மட்டும் கூட்டுங்க."

தேர்வில் பொம்மைக் கணக்கு வந்தது: அரைக்கோளத்தின் மேல் கூம்பு. தேவயானி கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையை வளைத்தார்.

"இன்னாம்மா, பின்னாடி யாருக்கு ஜாடை?" என்று அதட்டினார் கண்காணிப்பாளர்.

"பொம்மைய தடவுறேன் சார்."

அவர் நெடுநேரம் பக்கத்திலேயே நின்றார். தேவயானி இரண்டு வளைபரப்புகளை மட்டும் கூட்டி அடிக்கோடிட்டார்.

முடிவு வந்த அன்று, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளிடம் கைப்பேசியைக் காட்டினார். தேறியிருந்தார்.

"எல்லாம் அந்த ஆத்தா செயல்டீ," என்று கெங்கம்மாள் கைகூப்பினார்.

"ஆத்தா வந்து கூம்பு கணக்கு போட்டாளாக்கா? நான்தான் போட்டேன்."

சொல்லிவிட்டு, பணியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.