பூஜை போட்ட பிறகு தொட்ட மெஷின்

பிள்ளைகளா, ஆயுத பூஜை அன்று போட்டில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா வராமல் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆபீஸ் வேலை என்று அம்மா சொன்னாள். நீங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. என்ன வேலை என்று இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்போது அம்மாவுக்குக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் போட்டிருந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு அங்கே. நான் அரியாங்குப்பம் வாடகை வீட்டில் தனியாக. மாதம் ஒருமுறை உங்களைப் பார்த்தால் பெரிது. பூஜை லீவுக்கு வந்திருந்தீர்கள். மறுநாள் காலை அம்மாவுக்கு டூட்டி இருந்ததால், அன்று சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குள் நோணாங்குப்பம் போட்டு ஹவுஸ் போய் போட்டில் ஏறிவிடலாம், ஒரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றேன். பெரியவளே, நீ "சத்தியமா?" என்று கையை நீட்டினாய். நானும் அடித்துக் கொடுத்தேன்.

சேதராப்பட்டு கம்பெனியில் கம்ப்யூட்டர் ரூம் என் பொறுப்பு. நான் படித்தது ஐ.டி.ஐ.தான், மீதியெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது. அங்கே ஒரே ஒரு பெரிய மெஷின். அதற்குள் நாலு கம்ப்யூட்டர்கள் ஓடின. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொன்றும் தனி. ஒரு வீட்டில் நாலு போர்ஷன் மாதிரி: தண்ணீரும் கரண்ட்டும் பொது, குடித்தனம் வேறு வேறு. நாலிலும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றிப் புதியது ஏற்ற வேண்டும். ஆள் இல்லாத நாள் ஆயுத பூஜைதான் என்று சென்னை மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஏற்றுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் என்று ஒன்று எடுப்போம். அந்த நிமிஷத்தில் கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைப்பது. ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிமிஷத்துக்கே திரும்பிவிடலாம். அதை எடுக்கும் முன் புதிதாக எதுவும் பதியாதபடி நிறுத்த வேண்டும். நான் உங்களிடம் சீக்கிரம் வர வேண்டும் என்ற அவசரத்தில், காலை எட்டரைக்கே, பூஜைக்கு முன், ஓட ஓடவே நாலுக்கும் எடுத்துவிட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்தார்கள். வாசலில் வருகைக்குக் கார்டு தேய்த்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். நான் உட்கார்ந்ததும் வாட்ச்மேன் பொரியைக் கொறித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"பூஜை போட்டத நாளைக்குக் காலையிலதான் தொடணும். யாரும் சொல்லித் தரலியா தம்பி?"

"நாளைக்கு எல்லாரும் வந்துடுவாங்கண்ணே."

"அப்ப சரஸ்வதிகிட்ட நீயே பேசிக்க."

பன்னிரண்டரைக்குள் மூன்று முடிந்தது. நாலாவது, ஆட்களின் வருகைப் பதிவு வைத்திருப்பது. புதியது ஏறியது, கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. வெறும் நீலத் திரை. எட்டரை மணி ஸ்னாப்ஷாட்டுக்கே திருப்பினேன். முதலில் கழற்ற வேண்டிய பழைய சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடிக் கழற்றி, மறுபடி ஏற்றினேன். இரண்டரைக்கு எழுந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை பதிவைத் திறந்து பார்த்தேன்.

எட்டரைக்குப் பிறகு ஒருவர்கூட இல்லை. பூஜைக்கு வந்த அத்தனை பேரும் அழிந்துபோயிருந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம். லீவு நாளில் பூஜைக்கு வந்தவருக்கு வேறொரு நாள் லீவு தருவார்கள். எல்லோரும் அதைத் தீபாவளிக்கு மறுநாளுக்கென்று வைத்திருப்பார்கள். அன்றைய பட்டியல் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாகச் சென்னைக்குப் போய்விடும். போனபின் எங்களால் திருத்த முடியாது. அவர்கள்தான் கார்டு சரியாகத் தேய்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்னை யார் கேட்பார்கள்? அந்த நினைப்பும் வந்தது. உங்களிடம் மறைப்பானேன்.

பையை இறக்கி வைத்துவிட்டு வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னேன். கேட்டில், உள்ளே வருபவர்களை அவர் கையால் எழுதும் நோட்டு இருந்தது. அவர் ஒவ்வொரு பெயராக நேரத்தோடு படிக்க, நான் கார்டு நம்பர் தேடித் தேடி ஏற்றினேன். நூறு பேருக்கு மேல்.

"என்னண்ணே இது, எழுத்தா, கோழி கிளறுனதா?"

"நான் கிளறுனதாவது இருக்குது. உன் பொட்டியில இருந்தது எங்க?"

அடுத்த நம்பரைத் தேடினேன்.

நாலு மணிக்கு அம்மாவின் செல்லிலிருந்து, பெரியவளே, நீ பேசினாய். "எங்கப்பா இருக்க? தம்பி ஷூ போட்டுகினு வாசல்லயே ஒக்காந்துருக்கான்."

"இதோ முடிஞ்சிடும்மா."

"ஒரு மணின்னு சொன்ன."

"ஆமாம்மா."

ஐந்தரைக்கு இன்னொரு தரம் செல் அடித்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவே, "அப்பா, போட்டு ஹவுஸ் தாண்டிட்டோம். தம்பி தூங்கிட்டான்" என்றாய். நோட்டில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி. "அடுத்தது யாருண்ணே?" என்று கேட்டேன். வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முடித்தோம்.

வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டில் சாவியை வாங்கித் திறந்தேன். ரூமில் பவுடர் வாசனை இருந்தது. சாமி படத்துக்கு முன் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல். எல்லாவற்றுக்கும் மேலே, பெரியவளே, உன் கணக்குப் புத்தகம். லீவுக்குக் கொடுத்த கணக்கைப் போடச் சொன்ன அம்மாவிடம், "பூஜையில வெச்சத தொடக் கூடாது" என்று காலையில் சட்டம் பேசினாயே, அதே புத்தகம். விடியும் முன் எடுக்கக் கூடாது என்று அப்படியே விட்டுப் போயிருந்தாய். நானும் அன்று ராத்திரி அதைத் தொடவில்லை.

மறுநாள் அதைக் காரைக்கால் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். அது உனக்குத் தெரியும். அதற்கு முன் நடந்தது தெரியாது. காலையில் குளித்து, விளக்கேற்றினேன். விஜயதசமியில் எடுத்த புத்தகத்தைப் படிக்காமல் மூடக் கூடாது. படிக்க வேண்டியவள் ஊரில் இல்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எட்டாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தேன்.