நிற்கிற வேனில் திருச்செந்தூர்

பதினேழு வயதுக்குள் முனியராஜ் திருச்செந்தூருக்கு எத்தனையோ தடவை வேன் ஓட்டியிருக்கிறான். ஒரு தடவைகூடச் சக்கரம் உருண்டதில்லை.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிவரும் வேன் அது. டிரைவர் அவனுடைய தாய்மாமன் பெத்தணன், கிளீனர் முனியராஜ். காலையில் பெண்களை இறக்கிவிட்டால் சாயங்காலம்வரை வேன் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் தூக்குவாளியோடு வந்து அதற்குள் உட்கார்ந்துவிடுவார்கள். மாமா மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்குவார். சாவி அவர் இடுப்பில் இருக்கும். "பதினெட்டு முடியாம சாவியத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்று சொல்லியிருந்தார். சாவியைத்தானே சொன்னார், ஸ்டியரிங்கைச் சொல்லவில்லையே! முனியராஜ் டிரைவர் சீட்டில் ஏறிக்கொள்வான்.

"எங்கலே போகுது வண்டி?" என்று பின்சீட்டிலிருந்து வேலுத்தாய் கேட்பாள். பெத்தணனின் மனைவி, கம்பெனியில் திரி வெட்டுகிறவள். பேருக்குத்தான் டிரைவர் பொண்டாட்டி. ஆயுசில் கடலைப் பார்த்ததில்லை.

"திருச்செந்தூருக்கு அத்தை."

"லைசென்சு இருக்கா?"

"எல்லாம் இருக்கு, உக்காருங்க."

வாயாலேயே எஞ்சினை உறுமவிட்டுக் கிளம்புவான். சாத்தூர் வரும், கோவில்பட்டி வரும். கோவில்பட்டியில் யாராவது ஒருத்தி கடலைமிட்டாய் கேட்பாள். வேப்பநிழல் கண்ணாடியில் அசைய அசைய, வேன் நகர்வதாகவே இருக்கும். உண்ட மயக்கம் வேறு. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். கழுவியும் போகாத வெள்ளிநிறப் பட்டாசு மருந்து விரல் இடுக்கில் மினுங்கும். தூத்துக்குடி தாண்டி உப்பளம் வந்ததும், காற்று அடிக்கிறது என்று வேலுத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். "இந்தா, கடல் வந்திருச்சு" என்று அவன் வாயெடுக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். பாழாய்ப்போன மணி, ஒரு நாளாவது பிந்தி அடித்திருக்கலாம். எல்லோரும் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள்.

தீபாவளி சீசனில் ஒரு சாயங்காலம் பெத்தணனைக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. வேனுக்குள் படுக்கவைத்தார்கள். வேலுத்தாய் புருஷன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து முனியராஜ் கையில் வைத்தாள்.

"ஆசுபத்திரிக்கு எடுலே வண்டிய."

எத்தனை நாள் ஆசை! சாவியைத் திருப்பினான். வேன் உடம்பெல்லாம் அதிர்ந்து எழுந்தது. அவன் வாயால் போட்ட சத்தம் இது இல்லை. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் பெண்கள் தினமும் சாய்வது போலவே நிம்மதியாகச் சாய்ந்திருந்தார்கள். அந்த நிம்மதியைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? தெனம் நீ ஓட்டுன வண்டியிலதானலே போனோம்?"

"அந்த வண்டிக்குப் பிரேக்கு தேவைப்படல அத்தை. இதுக்கு வேணும்ல."

சொல்லிவிட்டு ஓடினான். பக்கத்துக் கம்பெனி டிரைவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தான். மாமாவின் காய்ச்சல் சீக்கிரமே இறங்கிவிட்டது. அத்தையின் கோபம் இறங்கவில்லை. "புருசன் நடுங்கிக்கிட்டுக் கெடக்கான், இவன் சட்டம் பேசுறான்" என்று ஊரெல்லாம் சொன்னாள். மதியம் வேனுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அவள் இல்லாமல் வண்டி சாத்தூரைக்கூடத் தாண்டவில்லை. முனியராஜுக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் வழியை மறித்தான்.

"லைசென்சு எடுத்து ஒங்கள நெசமாவே கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அப்பவாச்சும் பேசுங்க."

"பாப்பம் பாப்பம்" என்று விலகிப் போனாள்.

பதினெட்டு முடிந்தது. எல் போர்டு கட்டிப் பழகி, சூலக்கரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டான். அதற்கப்புறம்தான் தெரிந்தது, அது சொந்த வண்டிக்குத்தானாம். ஆள் ஏற்றும் வேனை ஓட்ட இருபது வயதாகி, பேட்ஜும் வாங்க வேண்டுமாம். கேட்டதும் வேலுத்தாய் கோபத்தை மறந்து வாயைத் திறந்துவிட்டாள்.

"நாட்ட ஆளுறவகளுக்கு ஓட்டுப்போடப் பதினெட்டு போதும், நாங்க போற வேனுக்கு இருபதா? நம்ம உசுருக்கு அம்புட்டு மதிப்பு வச்சிருக்காகளாக்கும்!"

மறுநாள் மதியம் தூக்குவாளியோடு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள். வண்டி மறுபடியும் உப்பளம்வரை போக ஆரம்பித்தது.

இருபதும் வந்தது, பேட்ஜும் வந்தது. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த வாரம், வேன் நிஜமாகவே கிளம்பியது. கிளீனர் சீட்டில் பெத்தணன். கோவில்பட்டியில் நிறுத்திக் கடலைமிட்டாய் வாங்கினார்கள்.

"லைசென்சு இருக்கா?" என்றாள் வேலுத்தாய்.

முனியராஜ் எடுத்துப் பின்னால் நீட்டினான். போட்டோவைப் பார்த்து, "முழியப் பாரு, களவாணிப் பய" என்று சிரித்தாள்.

திருச்செந்தூரில் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினான். எதிரே கடல். பெண்கள் கூச்சல் போட்டபடி இறங்கி ஓடினார்கள். வேலுத்தாய் மட்டும் அசையவில்லை.

"எறங்குங்க அத்தை. கடல் வந்திருச்சு."

"இருலே, செத்த இருக்கேன்." சீட்டுக் கம்பியை அவள் விடவில்லை. "எறங்குனா மணி அடிச்சிருமோன்னு பயமா இருக்கு."

முனியராஜ் சாவியை உருவி அவள் கையில் வைத்தான்.

"அடிக்காது அத்தை. வாங்க."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, மெல்ல மணலில் காலை வைத்தாள்.