தோற்றவன் வாங்கும் டீ

இந்த ஊரில் ஒரு டீயை இரண்டு பேர் குடிப்பார்கள். காசில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தில் சங்கிலி தொங்கும், வெளியே கார் நிற்கும், உள்ளே வந்து உட்கார்ந்து "பை டூ" என்பார்கள். கடைக்காரர் ஒரு டீயை இரண்டு சின்ன கிளாஸில் சரிபாதியாக ஊற்றி வைப்பார். ஆளுக்கு மூன்று மடக்கு. அந்த மூன்று மடக்கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவார்கள். நாங்கள் மைசூருக்கு வந்த புதிதில் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "டீத்தூள் விளையாத ஊருன்னா இப்பிடித்தான்" என்றாள். கூடலூர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள் அவள். டம்ளரில் கழுத்து வரை டீ இருந்தால்தான் அவளுக்கு அது டீ. அந்த அரை கிளாஸைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் இளக்காரம்தான். என் அண்ணன் சரவணன் மட்டும் வந்த வாரமே பை டூ குடிக்கப் பழகிவிட்டான். அவனுக்கு எங்கே போனாலும் அந்த ஊர்க்காரனாக ஆகிவிட வேண்டும் என்று ஒரு வெறி.

அவன் இந்த மழைக்காலத்தில் செத்துப்போனான். காய்ச்சல். மண்டி மொஹல்லா கடைத்தெருவில் ஆளுயர மூட்டையைத் தூக்கி லாரியில் அடுக்கியவனை ஒரு கொசு கொண்டுபோய்விட்டது. இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. எரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஊரில் இருந்து படிக்கிறவர்களும், என்னைப் போல ஊதுபத்தி பேக்கிங்குக்கும் கட்டட வேலைக்கும் இங்கே வந்து கிடக்கிறவர்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மண்டி மொஹல்லா சந்துக்குள் நஞ்சப்பா என்பவரின் டீக்கடை இருக்கிறது. மூட்டை தூக்கும் ஆட்கள், ஆட்டோ ஓட்டுகிற மஞ்சு என்கிற கன்னடக்காரன், இன்னும் நாலைந்து பேர் சாயங்காலம் அங்கேதான் கிடப்பார்கள். எல்லாருக்கும் ஃபுட்பால் பைத்தியம். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. இந்தியக் கிளப் ஏதாவது வெளிநாட்டுக் கிளப்போடு மோதினால் ஆளுக்கு ஒரு பக்கம் எடுக்க வேண்டும். தோற்ற பக்கம் எடுத்தவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். எங்கள் அண்ணன் எப்போதும் இந்தியக் கிளப் பக்கம். மஞ்சு எப்போதும் எதிர்ப்பக்கம். இதிலிருந்தே இருவரில் யாருக்கு மூளை இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அண்ணன் வாயைத் திறந்தால் அந்த வரலாறுதான். ஆசியாவில் கிளப்புகளுக்கு என்று போட்டி ஆரம்பித்த காலத்தில் இந்தியாவில் இருந்து போனது ஒரு கிளப்பே இல்லையாம், மைசூர் மாநிலத்து அணியாம். கர்நாடகா என்ற பேர் வருவதற்கு முந்தைய கதை. பாங்காக் போய் நாலாவது இடம் வந்ததாம். அதில் ஆடியவர்களில் தமிழ்ப் பேர்க்காரர்கள் நிறைய என்பான். யூடியூபில் பார்த்தானா, யாராவது சொன்னார்களா, தெரியாது. "நாலாவதா வந்ததுக்கு என்ன குடுத்தாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "பேரு குடுத்தாங்க புள்ள" என்றான். அந்தப் பேரை இந்தச் சந்தில் அவனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

அப்புறம் நம் கிளப்புகள் ஆசியா என்று ஒன்று இருப்பதையே ரொம்ப வருடம் மறந்துபோயின. நினைவு வந்து போனபோதும் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. கல்கத்தாவில் இரண்டு கிளப் மோதினால் ஊரே இரண்டாகும். அதே கிளப் கொரியாக்காரனையோ ஈரான்காரனையோ பார்த்தால் ஷூவுக்கு லேஸ் கட்டுவதற்குள் இரண்டு கோல் வாங்கியிருக்கும். ஒரே ஒருமுறை அதில் ஒன்று இந்தோனேஷியா போய் ஒரு கோப்பையோடு திரும்பியது. அதை அண்ணன் தன் கல்யாணம் மாதிரி சொல்வான். கோவா கிளப் ஆசியாவின் பெரிய போட்டிக்கு முதல்முறை போய்ச் சில ஆட்டங்களைச் சமன் செய்தது. சமன் ஆனால் யார் டீ வாங்குவது என்று கடையில் விதியே இல்லை. அண்ணனே வாங்கினான். இரண்டாம் தரக் கோப்பை என்று இன்னொன்று இருந்தது, அதில் நம்மவர்கள் அவ்வப்போது ஜெயிப்பார்கள். அப்போது, அண்ணனை "குரு" என்று கூப்பிடுகிற மஞ்சு, "இது கணக்குல வராது குரு, இது சின்னக் கோப்பை" என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். போன வருடம் ஒரு கல்கத்தா கிளப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி ஈரானுக்குப் போகவே இல்லை. ஆடாமலே வெளியே போனது. அதற்கும் எங்கள் அண்ணன் டீ வாங்கினான். ஆடாத ஆட்டத்துக்கு டீ வாங்கியவன் உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

ஏன்டா இப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பான். எனக்குக் காரணம் தெரியும். தாத்தா சிலோன் தோட்டத்தில் இருந்து வந்தவர் என்பதால் கூடலூரில் நாங்கள் "சிலோன்காரங்க". இங்கே வந்தால் "மெட்ராஸ்". மெட்ராஸை அண்ணன் கண்ணால் பார்த்ததில்லை. பெங்களூர் கிளப்பும் சென்னை கிளப்பும் மோதுகிற நாளில் கடையில் எல்லாரும் அவனையே பார்ப்பார்கள். அவன் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொள்வான். ஆனால் அதே பெங்களூர் கிளப் வெளிநாட்டுக்காரனோடு ஆடினால் அவன் தொண்டை கிழியக் கத்தலாம். அன்றைக்கு மட்டும் ஒருத்தனும் நீ எந்த ஊர் என்று கேட்க மாட்டான். அந்த ஒரு சாயங்காலத்துக்காக அவன் எத்தனை தோல்வியை வேண்டுமானாலும் வாங்குவான்.

காவிரித் தண்ணீருக்காக பஸ் எரிந்த வருடம் நான் பள்ளிக்கூடம் நின்ற புதிது. அண்ணனுடைய பைக்கில் தமிழ்நாட்டு நம்பர். மஞ்சு வந்து, "குரு, வெளியே வராதே" என்று சொல்லிவிட்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் நஞ்சப்பா கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடினான். பிணத்தை மூடுவது போல இருந்தது. வீட்டில் நாங்கள் தமிழைக் கூட மெதுவாகப் பேசினோம். அதே வருடக் கடைசியில் பெங்களூர் கிளப் அந்த இரண்டாம் தரக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போனது. எந்த இந்தியக் கிளப்பும் அதுவரை போகாத இடமாம். எந்தச் சந்தில் முகம் காட்டாமல் இருந்தானோ அதே சந்தில் அண்ணன் அந்தக் கிளப்பின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நின்று கத்தினான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஈராக்கிலிருந்து வந்த அணி ஒரு கோல் போட்டது, முடிந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். "நம்ம தோத்துட்டோம்" என்றான். கொஞ்ச நாள் முன்னால் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அதற்குள் "நம்ம"! எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

இந்த வருடம் அவன் காய்ச்சலோடு படுத்திருந்தபோதுதான் அந்த இரண்டாம் தரக் கோப்பைக்குச் சீட்டு குலுக்கினார்கள். கோவா கிளப்பும், உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் ஒருவர் ஆடுகிற சவூதி அணியும் ஒரே பிரிவில். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, இவன் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "கோவாவுக்கே வராரு புள்ள! நானும் மஞ்சுவும் ரயில் ஏறப் போறோம்" என்கிறான். "முதல்ல கஞ்சியக் குடி" என்றேன். அதுதான் நாங்கள் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு.

சாம்பலை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியில் கரைத்தோம். அந்தத் தண்ணீருக்குத்தான் இரண்டு மாநிலமும் கோர்ட்டுக்குப் போகின்றன. எங்கள் அண்ணன் யாருடைய உத்தரவும் இல்லாமல் எல்லை தாண்டிப் போய்விட்டான். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ஜெயம்மா துக்கம் கேட்க வந்தாள். "பாடிய மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போகலையா?" என்றாள். "எங்க ஊரு கூடலூரும்மா, குண்டலுபேட்டை தாண்டினா வந்துரும்" என்றாள் அம்மா. "அதே, மெட்ராஸ் கடேதானே" என்று, அந்தப் பக்கம்தானே என்கிற அர்த்தத்தில், அவள் தலையாட்டினாள். சாவு வீட்டில் நான் சிரித்துவிட்டேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் இன்றைக்கும் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கோவாவில் ஆட்டம் நடக்கும் நாளன்று மஞ்சு வீட்டுக்கு வந்தான். தீபாவளியை இந்த ஊரில் மூன்று நாள் வெடிப்பார்கள், அன்றைக்குக் கடைசி நாள். எங்களுக்கு இந்த வருடம் தீபாவளி கிடையாது. அவன் பாஷையில் தங்கச்சிக்குத் தங்கி. வாசலிலேயே நின்றுகொண்டு, "தங்கி, அவன் நீலச் சட்டை வேணும். கடைல மாட்டி வெக்கறோம்" என்றான். அவன் போனதும் அம்மா சொன்னாள்: "குடுத்துட்டு வா புள்ள. செத்தவன் துணி வீட்டுல எதுக்கு? போதும் இந்த ஊரு. காலைல பஸ்ஸுக்குக் கூடலூர் போயிருவோம். பையெல்லாம் கட்டிட்டேன். அந்தச் சட்ட ஒண்ணுதான் பாக்கி."

கட்டிவைத்த பைகளைப் பார்த்தேன். சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த மஞ்சுவின் முகத்தில் எறிந்துவிட்டு வருவது என்றுதான் போனேன்.

கடையில் அண்ணன் உட்காரும் பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றி சாமந்திப் பூச்சரம் கட்டியிருந்தார்கள். கோயிலில் இருக்க வேண்டிய பூ, பெயின்ட் பக்கெட்டுக்கு. அலமாரியில் மஞ்சுவின் போனைச் சாய்த்து வைத்து எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரிய ஆட்டக்காரர் கோவாவுக்கு வரவே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். பாருங்கள், இவன் ரயில் ஏறிப் போயிருந்தாலும் அவ்வளவுதான்.

"யாரு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

மஞ்சு தரையைப் பார்த்தான். "இவத்து நாவெல்லா சரவணன் கடே, தங்கி."

இன்றைக்கு நாங்கள் எல்லாரும் சரவணன் பக்கமாம். அவன் உயிரோடு இருந்தவரை, டீப் பந்தயம் என்று வந்தால் அந்தப் பக்கம் நிற்க ஒரு நாய் கிடையாது.

"எல்லாரும் ஒரே பக்கம் நின்னா டீ யாரு வாங்குறது?" என்றேன்.

நஞ்சப்பா பால் பாத்திரத்தைக் கிண்டினார். நான் பூச்சரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கெட்டில் உட்கார்ந்தேன். "நான் சவூதி" என்றேன்.

"சும்னிரு தங்கி, பேஜார் மாட்கோபேடா" என்றான் மஞ்சு. சும்மா இரு, மனசைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறான். "விளையாட்டா பேசாத."

"இத்தன வருசம் நீ பேசினது என்ன? எங்கண்ணன்னா மட்டும் விளையாட்டா?"



சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சவூதிக்காகக் கை தட்டினேன். அவர்கள் முதல் கோல் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. நான் மட்டும் தட்டினேன். நெஞ்சு குளிர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனாலும் தட்டினேன். அப்போதுதான் கோவாக்காரப் பையன் ஒருவன் கோல் போட்டான். சந்தே எழுந்து நின்றது. வெளியே வேறு எதற்கோ வெடித்துக்கொண்டிருந்த பட்டாசு எல்லாம் இதற்காகவே வெடித்தது போல இருந்தது. மஞ்சு எகிறிக் குதித்து, பழக்க தோஷத்தில் பக்கெட்டில் இருக்கிறவன் தோளில் ஓங்கி அறையப் போனான். கை என் தோளுக்கு மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மடியில் இருந்த சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

ஆட்டம் முடிந்தது. வழக்கம் போலத் தோற்றார்கள். அந்த ஒரு கோலுக்காக ஏதோ கோப்பையே வாங்கியது போலத் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். இவர்கள் திருந்தப்போவதில்லை.

"நீ கெத்தே" என்றான் மஞ்சு. நீதான் ஜெயித்தாய் என்றான். "நஞ்சப்பண்ணா, தங்கிக்கு டீ. என் கணக்கு." சின்னக் கோப்பை, கணக்கில் வராது என்று ஓடவில்லை. எங்கள் வீட்டு ஆள் அந்தக் கடையில் ஒழுங்காக ஜெயித்துக் குடித்த முதல் டீ அதுதான்.

ஆனால் நஞ்சப்பாவின் கை பழகிய கை. மஞ்சுவின் குரல் கேட்டு, அண்ணன் உட்காரும் அந்தப் பக்கெட்டுக்கு நேராக டீ வைப்பதென்றால் அவருக்கு அது இத்தனை வருடமும் அவர்கள் இருவரும் பங்கு போட்ட பை டூதான். ஒரு டீயை இரண்டு கிளாஸில் சரிபாதியாக ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டார்.

"ஏ, பை டூ இல்ல அண்ணா! ஃபுல்லா குடு!" என்று மஞ்சு கத்தினான். அவர் அப்போதுதான் கிளாஸ்களைப் பார்த்தார். எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

ஒன்றை எடுத்துக் குடித்தேன். மூன்று மடக்குதான். அதற்குள் போன் அடித்தது. அம்மா.

"சட்டயக் குடுத்துட்டியா புள்ள?"

இன்னொரு கிளாஸின் மேல் ஆடை படிய ஆரம்பித்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. சட்டை என் மடியிலேயே இருந்தது.

"இன்னும் இல்லம்மா."

"ஏன்? என்ன பண்ணிட்டிருக்க அங்க?"

"டீ இன்னும் பாதி இருக்கு" என்றேன்.