அக்கா முடித்துவைத்த வாக்கியங்கள்

மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்த அந்தப் பயிற்சிக் கூடத்தைப் பிடித்தது அக்காதான். லிஃப்ட் வேண்டும், சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை வேண்டும் என்று அலுவலகத்தில் ஒற்றைக் காலில் நின்று வாங்கினாள். வெளிநாட்டில் ஒரு வருஷம் தன்னார்வப் பணி செய்யப் போகும் இளைஞர்களைத் தயார்செய்வது அவள் வேலை. நடக்க முடிந்தவர், முடியாதவர், கண் தெரியாதவர், காது கேளாதவர், எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும், ஒரே விமானத்தில் ஏற வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. அக்காவுக்கு அது வெறும் கொள்கை இல்லை, உயிர். அவளைப் பற்றிக் கெட்டதாக ஒரு சொல் சொல்ல ஆள் கிடையாது.

ஒரே குறை, முந்திரிக்கொட்டை. யார் வாயைத் திறந்தாலும் மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். கணவர் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் அவர் "சாப்பாட்டுல..." என்று ஆரம்பித்தால் போதும், உப்பு டப்பா தட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் மனிதர் வாயெடுத்தாரோ என்னவோ, யார் கண்டது?

அந்தத் தடவை வந்த குழுவில் ஒரு தையல்காரரின் மகள் இருந்தாள். பேச்சு திக்கும். சொல் வரும், ஆனால் நேரம் எடுத்துக்கொண்டு வரும். அக்காவுக்கு அந்த நேரம்தான் தாங்காது. பாவம், பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். சட்டென்று சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவாள். பெண் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். உதவி செய்துவிட்ட நிறைவில் அக்காவுக்கு அன்றைக்கு டீ கூடக் கொஞ்சம் ருசியாக இருக்கும்.

பெண் போகவேண்டிய இடம் ஒரு குழந்தைகள் காப்பகம். பிள்ளைகளோடு இருந்து கதை வாசித்துக் காட்டும் வேலைக்குத்தான் அவள் ஆசைப்பட்டிருந்தாள். ஆனால் காப்பகத்து நிர்வாகியம்மாவோடு போனில் பேசியபோது, இந்தப் பெண்ணுக்குச் சமையலறைதான் சௌகரியம் என்று அக்கா சொல்லிவைத்துவிட்டாள். பிள்ளைகள் கேலி செய்தால் தாங்குவாளா என்ற கரிசனம். பெண்ணிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நிர்வாகியம்மா அவளோடு வீடியோ அழைப்பில் பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் குழு நாடகம் போட்டது. யாரும் யாரையும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அக்காவே போட்ட சட்டம். சக்கர நாற்காலியில் வரும் வாயாடி ஒருவன் உண்டு. அவன் ஒரு பெரிய மனுஷியாக நடித்தான். தையல்காரர் மகள் கடைக்கு ஏதோ வாங்க வருகிறாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெரிய மனுஷி குறுக்கே புகுந்து, சோப்புதானே, வாளிதானே, துடைப்பம்தானே என்று வாங்கி அவள் கையில் அடுக்குகிறாள். கடைசியில் பெண் அத்தனையையும் சுமந்துகொண்டு, வாங்க வந்ததை வாங்காமலே வெளியே போகிறாள். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியும் விட்டாள்.

அப்போதுதான் வாயாடி, கழுத்தில் கயிறு கட்டிச் சட்டைக்குள் மறைத்துவைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். அந்தக் கூடத்தில் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறவள் ஒருத்திதான். அக்காவின் கை தானாகத் தன் மார்பில் தொங்கிய கண்ணாடிக்குப் போயிற்று. தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. ஆனால் சட்டம் போட்டவளே எழுந்து போக முடியுமா? எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். முகம் மட்டும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நான் யாரையும் பேசவே விடுவதில்லையா என்று கணவரிடம் கேட்டாள். அவர் வாயெடுத்தார்.

"அது வந்து..."

"ஆமான்னு சொல்லப் போறீங்க, அதானே?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குப் போய், பெண் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, சமையலறை என்று தான் சொல்லிவைத்ததைச் சொன்னாள். பெண்ணின் உதடு அசைந்தது. அக்காவின் நாக்கில் நாலைந்து பதில்கள் வரிசை கட்டி நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எ... என்னை ஒரு வார்த்தை கே... கேட்டிருக்கலாம்ல, அக்கா?"

அந்தப் பெண் வாயிலிருந்து அக்கா முழுசாகக் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். நானே பேசி மாற்றிவிடுகிறேன் என்று அக்கா பதறியதற்கு, பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

நிர்வாகியம்மா நல்ல மாதிரி. சிரித்த முகம். சமையலறைக்குத்தானே வருகிறாய் என்று ஆரம்பித்தாள். பெண், வகுப்பில் படித்த அந்நிய மொழியில் முதல் சொல்லை எடுத்தாள், சொல் நின்றது. உடனே அந்தம்மா தலையை ஆட்டி ஆட்டி, சமையல் பிடிக்குமா, காய் நறுக்க வருமா என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அதே கனிவு, அதே அவசரம். மூலையில் நின்ற அக்காவுக்குத் திரையில் தன் முகமே தெரிந்தது. பார்க்கக் கூசியது.

பெண் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். தயவுசெய்து பொறுங்கள், என் வாக்கியத்தை நானே முடிக்கிறேன் என்று, திக்கித் திக்கி, ஆனால் முழுசாகச் சொன்னாள். அந்தம்மா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். குழந்தைகளைப் பற்றிப் பெண் பேசினாள், கதைகளைப் பற்றிப் பேசினாள். பேச்சு முடிந்தபோது சமையலறை என்ற சொல்லே காணாமல் போயிருந்தது. முதல் மாதத்திலிருந்தே பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று அந்தம்மா சொன்னாள்.

கதவருகே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் உள்ளே வந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. பயமே இல்லாமல் எப்படிச் சொன்னாய் என்று வாயாடி கேட்டான்.

"அ... அக்காகிட்ட பழகினதுதான்," என்றாள் பெண். முகத்தில் துளிக் குத்தல் இல்லை, நன்றியாகவே சொன்னாள். "அவங்க குறுக்கே பேசும்போதெல்லாம் ம... மனசுக்குள்ள இதைத்தான் சொல்லிப் பார்ப்பேன். வெ... வெளியில சொன்னது இன்னைக்குத்தான்."

எல்லோரும் அக்காவுக்குக் கை தட்டினார்கள். அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

யாரோ எடுத்துக் கொடுக்கப் போனார்கள். தையல்காரர் மகள் கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.